முதல் கைப் பூ

ஞானசெல்வி வந்து ஒரு கை மல்லிகையை அள்ளித் தராசில் போடும்வரை ராஜதுரை அண்ணாச்சி கடையில் வியாபாரம் தொடங்காது. குருவிகுளம் பக்கத்தில் பூ பயிரிடுகிற சம்சாரிகள் விடியுமுன்பே பைக்கில் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு நிற்பார்கள். கேரளாவுக்கு அனுப்புகிற வியாபாரிகள் போனைக் காதில் வைத்தபடி அவசரப்படுத்துவார்கள். அண்ணாச்சி அசைய மாட்டார். செல்வி வரட்டும் என்பார். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு போணிக் கை உண்டு. அந்தக் கை தொட்டுத் தொடங்கினால்தான் அன்றைய விலை நிற்கும் என்பது இங்கே யாரும் கேள்வி கேட்காத சங்கதி.

செல்விக்கு அந்தப் பெயர் வந்த கதை அப்படியொன்றும் பெரிதில்லை. ஓர் ஆவணி முகூர்த்தத்தன்று மழையில் நனைந்த பூ யாரும் சீந்தாமல் கிடந்தபோது, முழம் கட்டி விற்கிற செல்விதான் பரிதாபப்பட்டு ஒரு கை அள்ளிப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மதுரைப் பக்கம் வரத்தே இல்லை என்று செய்தி வந்து விலை எகிறிவிட்டது. மதுரையில் பூ வராததற்கும் இவள் கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற புத்திசாலி யாரும் அன்றைக்கு மார்க்கெட்டில் இல்லை. இன்றைக்கும் இல்லை, அது வேறு விஷயம்.

போணிக் கைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. காலையில் எழுந்ததிலிருந்து முதல் கைப் பூவை அள்ளும்வரை அந்த வலக்கை யாரிடமும் எதையும் வாங்கக் கூடாது, யாருக்கும் எதையும் கொடுக்கக் கூடாது. அன்றைய ராசி முழுவதும் முதலில் தொட்டதற்கே போய்விடும் என்பது அண்ணாச்சியின் கணக்கு. செல்வி முந்தானைக்குள் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டுதான் வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு நடப்பாள். வழியில் யாராவது விபூதித் தட்டை நீட்டினால் கையைக் கொடுக்காமல் நெற்றியைக் காட்டுவாள். மார்க்கெட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். "எங்கைக்கு ராசி இருந்தா இந்த மனுசனுக்கா கழுத்த நீட்டியிருப்பேன்" என்று கேட்பாள்.

வாய்தான் அப்படிப் பேசியது. மனசுக்குள் அவளுக்கு அது பெரிய விஷயம். நாலாவது பொட்டையாகப் பிறந்தவள் என்று பெற்ற வீட்டிலேயே முகம் சுளித்தார்கள். அப்படிப்பட்டவளின் வருகைக்காக ஒரு கடையே காத்துக்கிடந்தது. அதில் சோறும் இருந்தது. போணி செய்கிறவள் என்பதால் அண்ணாச்சி அவளுக்கு அன்றைய பூவைக் காசு வாங்காமல் கொடுத்துவிடுவார். கோயில் வாசலில் பெட்டிக்கடை போட்டு, கட்டி விற்று, சாயங்காலம் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். கைமுதல் இல்லாமல் கடை நடத்துகிறவள் அந்த வாசலில் அவள் ஒருத்திதான். மகள் அபிதாவின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, அடுப்பு எல்லாம் அந்த ஒரு கைப் பூவை நம்பித்தான் ஓடின.

புருஷன் வேல்சாமி குட்டியானை லோடு வண்டி ஓட்டினான். பூப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் போவான், புளியங்குடியிலிருந்து எலுமிச்சை மூட்டை ஏற்றி வருவான். கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். லோடுக்காகக் காத்திருக்கிற நேரம்தான் அவனைக் கெடுத்தது. மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனை எடுப்பான். அதில் ஒரு விளையாட்டு. சின்ன விமானம் ஒன்று கிளம்பி ஏறும். அது ஏற ஏற, போட்ட காசு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு என்று கூடிக்கொண்டே போகும். எந்த நொடியிலும் அது சட்டென்று மறைந்துவிடும். மறைவதற்குள் பட்டனை அமுக்கினால் அந்த மடங்கு நமக்கு, இல்லாவிட்டால் போட்டதும் போச்சு. அரசாங்கம் தடை போட்டுப் பார்த்தது. டெலிகிராம் குழுவில் புதுப்புது லிங்க் வந்துகொண்டுதான் இருந்தது.

இதில் தோற்கிறவர்கள் எல்லாம் விவரமில்லாதவர்கள் என்று வேல்சாமி நம்பினான். அவனிடம் உத்தி இருந்தது. முதலில், பேராசையே கூடாது என்கிற உத்தி. விமானம் கொஞ்சம் ஏறியதுமே தானாக வெளியே வந்துவிடுமாறு செட்டிங்கில் போட்டு வைத்தான். சில்லறையாகச் சேர்ந்தது. ஆனால் விமானம் கிளம்பிய இடத்திலேயே மறைகிற ஆட்டமும் உண்டு. அப்படி ஒன்று வந்தால், காலையெல்லாம் சேர்த்தது ஒரே மூச்சில் போய்விடும். அடுத்து இரட்டிப்பு உத்தி. தோற்றால் அடுத்த ஆட்டத்தில் இரண்டு பங்கு போட வேண்டும், அதிலும் தோற்றால் நாலு பங்கு. எப்போதாவது ஜெயித்துத்தானே ஆக வேண்டும், அப்போது விட்டது எல்லாம் திரும்பிவிடும் என்று டீக்கடை மேசையில் தண்ணீரைத் தொட்டு எழுதி விளக்கினான். விமானத்துக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. அது தொடர்ந்து கவிழ்த்துக்கொண்டே இருந்தது. இரட்டிக்க இவன் கையில் காசு இருக்க வேண்டுமே, அதை யாரும் மேசையில் எழுதிக் காட்டவில்லை.

பிறகு ஒரே ஆட்டத்தில் இரண்டு பந்தயம், ஒன்று முதலைக் காப்பாற்ற, மற்றது லாபத்துக்கு. பிறகு பழைய ஆட்டங்களின் வரிசையைப் பார்த்து, சின்னது இத்தனை வந்தால் அடுத்து பெரியது வரும் என்கிற ஜோசியம். பிறகு குழுவில் சிக்னல் சொல்கிற ஒருவனுக்குத் தட்சிணை. பூ மார்க்கெட்டில் வளர்ந்தவனுக்கு இது புரியாதா என்று செல்வியிடமே கேட்டான். மல்லிகை விலையும் இப்படித்தான் ஏறிக்கொண்டே போகும், எந்த நிமிஷம் விழும் என்று மூக்கால் மோந்து தெரிந்துகொள்கிறவன்தானே வியாபாரி என்றான். பூவையாவது விற்காவிட்டால் கட்டி சாமிக்குப் போடலாம் என்று அவள் சொன்னாள். அவன் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தான்.

வண்டிக்குத் தவணை கட்டவில்லை என்பது ஃபைனான்ஸ்காரர்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் அவன் தன் போனைக்கூட விற்றிருந்தான். அந்த விளையாட்டு அவள் போனில் ஏறி உட்கார்ந்திருந்தது. மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்கிற நேரத்தில் பெட்டிக்கடைக்கு வந்தான். சவரம் செய்யாத முகம். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"ஏட்டி, ஒரு தடவ ஒன் கையால அமுக்கு. ஊருக்கெல்லாம் ஒங்கை ஓடுது. எனக்கு மட்டும் ஓடாதா?"

அவள் முடியாது என்றாள். அது பூவுக்கு உள்ள கை என்றாள். அவன் அழ ஆரம்பித்தான். கோயில் வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, ஓர் ஆம்பளை முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதான். அவளுக்கு அவமானமாக இருந்தது, கோபமாக இருந்தது, எல்லாவற்றையும்விடப் பாவமாக இருந்தது. கையில் ஒட்டியிருந்த நாரைத் துடைத்துவிட்டுக் கட்டைவிரலை நீட்டினாள். விமானம் கிளம்பியது. எப்போது அமுக்க என்று கேட்டாள். உனக்கே தெரியும் என்றான். அவள் அமுக்கினாள். மூன்று மடங்கு. அமுக்கிய அடுத்த நொடி விமானம் மறைந்துவிட்டது. அவன் அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அப்படிச் செய்ததே இல்லை. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். சில நாள் வந்தது, சில நாள் போனது. போன நாளெல்லாம் அவன் உட்கார்ந்து யோசித்தான். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். அவன் கண்டுபிடித்த உத்திகளிலேயே கடைசியானது, கேடுகெட்டது இதுதான்.

அவள் கையின் ராசி காலையிலேயே ராஜதுரை கடையில் செலவாகிவிடுகிறது, மத்தியானம் தனக்குக் கிடைப்பது மிச்சம் மீதி, அதனால்தான் பாதி நாள் தோற்கிறது என்றான். முதல் தொடுதல் விமானத்துக்கு வேண்டும். ஒரே ஒரு நாள் போதும். வண்டித் தவணையைக் கட்டிவிட்டால் பிறகு போனைத் தொடவே மாட்டேன் என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். செல்வி மூன்று நாள் பேசாமல் இருந்தாள். அண்ணாச்சியின் சோற்றைத் தின்றுகொண்டு அவருக்குரியதை எடுத்துக் கொடுப்பது திருட்டு என்று அவளுக்குத் தெரியும். ஃபைனான்ஸ்காரர்கள் மறுபடி வந்து, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அபிதாவிடம் அப்பா எங்கே என்று அதட்டிக் கேட்டார்கள். பிள்ளை பயந்து பாவாடையை நனைத்துவிட்டது. அன்று இரவு செல்வி, சரி நாளைக்கு, என்றாள்.

விடியலில் குளித்துவிட்டு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். விமானம் ஏறிக்கொண்டே இருந்தது. அவள் பொறுத்துப் பொறுத்து அமுக்கினாள். ஒன்பது மடங்கு. வேல்சாமி வாயைப் பொத்திக்கொண்டு கூத்தாடினான். அவள் முந்தானைக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள்போல மார்க்கெட்டுக்கு நடந்தாள். அண்ணாச்சி கடையில் ஒரு கைப் பூவை அள்ளிப் போட்டாள். வெயில் ஏறுவதற்குள் கேரளா வியாபாரிகள் ஆர்டரைக் குறைத்துவிட்டார்கள். மல்லிகை விலை விழுந்த வேகத்தில் சம்சாரிகள் பூவைத் திருப்பிக் கொண்டுபோகவும் மனமில்லாமல் விட்டுவிட்டுப் போனார்கள். செல்வி குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவரை கைராசியைச் சிரித்துப் பேசிவந்தவள் அன்றைக்குத்தான் முதல்முதலாக அதை நம்பினாள்.

வந்த பணத்தைத் தவணைக்குக் கட்டியிருந்தால் கதை வேறாகியிருக்கும். வேல்சாமி கொஞ்சம் கட்டிவிட்டு மீதியை வைத்து மத்தியானத்துக்குள் அவள் போனில் தன் கையாலேயே ஆடித் தொலைத்தான். அதோடு விட்டானா? டீக்கடையில் சிவனாண்டி என்கிற இன்னொரு குட்டியானைக்காரன் கிண்டல் செய்ததும் ரோஷம் வந்து, தன் பெண்டாட்டியின் முதல் போணி இனிமேல் ராஜதுரைக்கு இல்லை, தனக்குத்தான் என்று பீற்றிக்கொண்டான். மார்க்கெட்டில் எந்தப் பேச்சும் வெயில் தாழும்வரைகூட மறைந்திருக்காது.

ராஜதுரை அண்ணாச்சி சத்தம் போடவில்லை. மறுநாள் காலையில் செல்வி வந்தபோது தராசு ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. ராயகிரிப் பக்கத்திலிருந்து பிச்சிப்பூ கொண்டுவருகிற பேச்சித்தாய் முதல் கையை அள்ளிப் போட்டிருந்தாள். செல்வி ஓரமாக நின்றாள். பூ வேண்டுமென்றால் எடுத்துக்கொள், காசை இப்பவே கொடுத்துவிடு என்றார். நேற்று விலை விழுந்ததற்குத் தான் காரணம் என்று அவர் நம்புகிறாரா என்று அவள் கேட்டாள். அண்ணாச்சி தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் நம்புதனா இல்லையாங்கது கிடக்கட்டும் தாயி. பூவக் கொண்டுவாறவன் நம்புதான்லா. அவன் மூட்டையப் பக்கத்துக் கடைக்குத் தூக்கிட்டுப் போயிட்டான்னா நான் என்ன செய்ய?"

கம்மலை அடகு வைத்துக் கைமுதல் ஆக்கினாள். நாலு பேரைப்போல அவளும் வரிசையில் நின்று காசு கொடுத்துப் பூ வாங்கினாள். முன்பெல்லாம் வழிவிட்டு நின்ற பெண்கள் இப்போது அவள் கூடை தங்கள் கூடையில் உரசாமல் நகர்ந்து நின்றார்கள். ஒருத்தி தன் பிள்ளைக்குப் பூ வைக்க வந்த இவள் கையைத் தட்டியே விட்டாள். வண்டியை ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். வேல்சாமி கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு, கொல்லத்தில் மீன் லாரி ஓட்டப் போனான். போன இடத்தில் யோக்கியமாகவே இருந்தான். ராத்திரி போன் பண்ணி, விளையாட்டை மறந்தேபோச்சு என்று சொல்லுவான். மனசு லேசாகிவிட்டதாம். அதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இவளிடம் இருந்த ஒன்றே ஒன்றை உறிஞ்சி எடுத்துவிட்டு இந்த மனுஷன் லேசாகிவிட்டான் என்று வயிறு எரிந்தது.

பேச்சித்தாய் கைக்கும் விலை நிற்கவில்லை. பூவுக்கு அது மந்தமான காலம், யார் தொட்டாலும் அப்படித்தான். ஆனால் கடைக்குக் கடை விலை பார்க்கிற சம்சாரிகளுக்கு அது புரியாதே. ஒரு சாயங்காலம் அண்ணாச்சி கோயிலுக்கு வந்தவர் செல்வியின் பெட்டிக்கடை முன்னால் நின்றார். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"நாளைக்குப் பெரிய முகூர்த்தம். நீயே வந்து எடு. விலை நின்னுட்டுன்னா பழையபடி ஆயிரலாம். ஆனா ஒண்ணு, கை வேற எங்கயும் போணி ஆகாம வரணும்."

அவள் தலையை ஆட்டினாள். அவர் போன பிறகு சந்தோஷத்தில் முடிச்சுப் போட மறந்து, கட்டிக்கொண்டிருந்த சரத்தை மறுபடி முதலிலிருந்து கட்டினாள். எல்லாம் திரும்பிவரும். காசில்லாமல் பூ வரும், கம்மலை மீட்கலாம், பெண்கள் வழிவிடுவார்கள். வீட்டுக்குப் போகும்போதே சந்தோஷம் பயமாகத் திரும்பிவிட்டது. நாளைக்கும் விலை விழுந்தால்? கையில் ராசி நிஜமாகவே இல்லாமல் போயிருந்தால்? அதற்குப் பிறகு சங்கரன்கோவில் மார்க்கெட்டில் அவளுக்கு நிற்க இடமிருக்காது. அபிதாவின் தலையைத் தடவிக் கொடுக்கவே பயமாக இருந்தது. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுத் தன் வலக்கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கையைப் பார்த்தால் என்ன தெரியும்? நார் அறுத்த தழும்புதான் தெரிந்தது.

விடியலில் மார்க்கெட் வாசலில் குழாயடிக்கு வந்தபோது அவளால் அதற்குமேல் நடக்க முடியவில்லை. உள்ளே விளக்குகள் எரிந்தன. பூ மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. முகூர்த்தக் கூட்டம். அத்தனை பேர் முன்னால் கையை நீட்டி, விலை விழுந்து, அத்தனை கண்ணும் தன்மேல் திரும்புவதை நினைத்துக் குழாயடியிலேயே நின்றுவிட்டாள். கையில் ராசி இருக்கிறதா என்று முன்னாடியே தெரிந்தால் போதும். இருந்தால் தைரியமாகப் போகலாம். இல்லாவிட்டால் இப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடலாம். இந்த உலகத்தில் அதைச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

போனை எடுத்தாள். பணத்துக்கு ஆசைப்பட்டு அல்ல, அதை யாரிடமும் சத்தியம் செய்து சொல்லுவாள். இருப்பதிலேயே குறைந்த தொகையைப் போட்டாள். விமானம் கிளம்பி ஏறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். உள்ளே எதுவோ இப்போது என்று சொல்லியது. கட்டைவிரலால் அமுக்கினாள். நாலு மடங்கு. அமுக்கி முடிக்கவும் விமானம் மறையவும் சரியாக இருந்தது. இருக்கிறது, கை இருக்கிறது, எங்கேயும் போய்விடவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான் அவளுக்கு உறைத்தது. இன்றைய முதல் தொடுதல் போய்விட்டது. கை இருக்கிறதா என்று பார்க்கப்போய், இருந்ததை அவளே விமானத்துக்குக் கொடுத்துவிட்டாள். இந்த முறை யாரும் சத்தியம் செய்யவில்லை, யாரும் அழவில்லை, யாரும் பிள்ளையை அதட்டவில்லை. குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். கழுவினால் போகிற விஷயமா அது?

உள்ளேயிருந்து அண்ணாச்சி அவளைப் பார்த்துவிட்டார். சம்சாரிகளை ஒதுக்கிவிட்டு, வா தாயி, தராசு காத்துக் கிடக்கு என்று கூப்பிட்டார். யாருக்கும் தெரியாது. பேசாமல் போய் ஒரு கை அள்ளிப் போட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஒருமுறை அவரை ஏமாற்றியவளுக்கு இரண்டாவது முறை கால் எழவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"வேற யாரையாவது எடுக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. எங்கை போணி ஆயிட்டு."

அண்ணாச்சி அவள் கையில் இருந்த போனைப் பார்த்தார், பிறகு திரும்பிப் பேச்சித்தாயைக் கூப்பிட்டார். பேச்சித்தாய் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் அள்ளித் தராசில் போட்டாள். முகூர்த்தத்தன்று பூ விலை ஏறாமல் என்ன செய்யும்? ஏறியது. கேரளாக்காரர்கள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு விலை சொன்னார்கள். சம்சாரிகள் பேச்சித்தாயைச் சுற்றி நின்று சிரித்தார்கள். ஒருவர் அவள் கையில் டீ வாங்கிக் கொடுத்தார்.

செல்வி குழாயடித் திண்டில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்தாள். இந்த விலையில் அவளுடைய காசுக்கு அரைக் கூடைப் பூகூட வராது. முகூர்த்தத்தன்று அவளுடைய பெட்டிக்கடை காலியாகக் கிடக்கப்போகிறது. எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்றால், அங்கே போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. கை எப்படியும் இன்றைக்குச் செலவாகிவிட்டது. அதில் மிச்சம் ஏதாவது இருந்தால் அது இனிப் பூவுக்கு ஆகாது. பூ வாங்க வைத்திருந்த பணம் மொத்தத்தையும் விமானத்தில் போட்டாள். விமானம் கிளம்பியது. ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று ஏறிக்கொண்டே போனது. அவள் கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்தபடி, இப்போது என்று உள்ளே எதுவாவது சொல்லுமா என்று காத்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒன்றும் சொல்லவில்லை.